கார் மோதியது, ஒன்றரை லட்சம் ஜூல் எங்கே?

கேள்வி: ப்ளஸ் ஒன் படிக்கிறேன். காலாண்டுத் தேர்வில் ஒரு கணக்கு வந்தது. 1,000 கிலோ நிறையுள்ள கார் விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வந்து, நின்றுகொண்டிருக்கும் 3,000 கிலோ வண்டியில் மோதுகிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டு என்ன வேகத்தில் நகரும்? ஆற்றல் அழியாது என்று படித்திருப்பதால், மோதலுக்கு முன்னும் பின்னும் இயக்க ஆற்றலைச் சமப்படுத்தினேன். விடை 10 வந்தது. ஆசிரியை அதை அடித்துவிட்டு 5 என்று எழுதியிருக்கிறார். ஏன் என்று கேட்டால், “ஒட்டிக்கொண்டால் உந்தம் மட்டும், தெறித்தால் இரண்டும், மனப்பாடம் செய்துகொள்” என்கிறார். ஆற்றல் விதி பெரியதா, உந்த விதி பெரியதா? இன்னொரு சந்தேகம்: சுவரில் அடித்த பந்து திரும்பி வருகிறது, சுவர் அசையவே இல்லை. அங்கே உந்தம் எப்படி மாறாமல் இருக்கிறது?
(திருவாரூர் மாவட்ட மாணவி. பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள மாணவிக்கு,

உன் விடை தவறு. கேள்வி தவறில்லை. இரண்டையும் சேர்த்தே அடித்துவிட்டதுதான் உன் ஆசிரியை செய்த பிழை. அவரைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்குக் கிடையாது. நான் பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் ஒரு பையன் எழுந்து இதையே கேட்டான். “புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது, உட்கார்” என்றேன். உண்மை என்னவென்றால், எனக்கு அந்தக் கணக்கைப் போடத் தெரியும், ஏன் அப்படிப் போடுகிறோம் என்று தெரியாது. அந்த ஆண்டு முழுக்க அவன் வேறு கேள்வி கேட்கவில்லை.

முதலில் உன் விடையையே எடுத்துக்கொள்வோம். மோதலுக்கு முன் உந்தம் (நிறை × வேகம்) 1,000 × 20, அதாவது 20,000. நீ சொல்வதுபோல இரண்டும் விநாடிக்கு 10 மீட்டரில் நகர்ந்தால் 4,000 × 10 = 40,000. உந்தம் இரட்டிப்பாகிவிட்டது. யார் தள்ளினார்கள்? காரும் வண்டியும் ஒன்றையொன்று தள்ளின, அவ்வளவுதான். இரண்டுக்கும் வெளியே நின்று முன்பக்கமாகத் தள்ளிய ஆள் யாரும் இல்லை. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, கார் வண்டியை எவ்வளவு தள்ளுகிறதோ, வண்டியும் காரை அவ்வளவே எதிர்ப்பக்கம் தள்ளும். ஒன்றின் வரவு மற்றதன் செலவு. மொத்தம் கூடவே முடியாது.

சரி, ஆசிரியையின் விடைப்படி வேகம் 5. உந்தம் 4,000 × 5 = 20,000, கணக்கு நேராகிவிட்டது. இயக்க ஆற்றலோ (நிறை × வேகத்தின் வர்க்கம், அதில் பாதி) மோதலுக்கு முன் 2,00,000 ஜூல், பின் 50,000 ஜூல். 1,50,000 ஜூல் காணவில்லை. உன் விடையில் வெறுங்காற்றிலிருந்து உந்தம் முளைக்கிறது, அவர் விடையில் ஆற்றல் மாயமாகிறது. ஒன்றை ஏற்று மற்றதைத் தள்ளுவது என்ன நியாயம் என்பதுதானே உன் கேள்வி?

அந்த மோதலை நிதானமாக ஓடவிட்டுப் பார்ப்போம். மோதல் ஆரம்பித்து இரண்டும் ஒரே வேகத்துக்கு வர 0.1 விநாடி ஆனது என்றும், அந்த நேரம் முழுக்க விசை சீராக இருந்தது என்றும் வைத்துக்கொள். காரின் வேகம் 20-இலிருந்து 5-க்கு இறங்குகிறது. அதற்கு வேண்டிய விசை 1,50,000 நியூட்டன். அதே 1,50,000 நியூட்டன் வண்டியை முன்னே தள்ளுகிறது. விசை சமம், நேரமும் சமம். விசையை நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும் கணத்தாக்கும் அதனால் சமம். கார் இழந்த உந்தம் 15,000, வண்டி பெற்றது 15,000.

இதே விசை செய்த வேலையைப் பார். வேலைக்கு விசையைத் தூரத்தால் பெருக்க வேண்டும், நேரத்தால் அல்ல. அந்த 0.1 விநாடியில் காரின் சராசரி வேகம் 12.5. அது நகர்ந்த தூரம் 1.25 மீட்டர். வண்டியின் சராசரி வேகம் 2.5. அது நகர்ந்தது வெறும் 0.25 மீட்டர். காரிடமிருந்து பறிக்கப்பட்ட ஆற்றல் 1,50,000 × 1.25 = 1,87,500 ஜூல். வண்டிக்குப் போய்ச் சேர்ந்தது 1,50,000 × 0.25 = 37,500 ஜூல். நடுவில் நின்றுபோனது 1,50,000 ஜூல். நீ தேடிய தொகை!

இரண்டு தூரங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் சரியாக ஒரு மீட்டர். அந்த ஒரு மீட்டர் எங்கே போயிற்று என்று தெருவில் நின்று பார்த்தவர் சொல்லிவிடுவார். காரின் முன்பக்கமும் வண்டியின் பின்பக்கமுமாகச் சேர்ந்து அவ்வளவு உள்ளே நசுங்கியிருக்கும். ஒரு மீட்டர் தகரத்தை 1,50,000 நியூட்டன் விசையால் மடக்கிய வேலைதான் காணாமற்போன ஆற்றல். தகரம் சூடாகிறது, கண்ணாடி சிதறுகிறது, கொஞ்சம் சத்தமாகப் போகிறது. ஆற்றல் மாறா விதிக்கு ஒரு குறையும் வரவில்லை. மாறியது இயக்க ஆற்றல் மட்டும்தான். அளவு பெரிதாகத் தோன்றினாலும், அறை வெப்பத்தில் இருக்கும் அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறக்குறைய இதே அளவுதான் வேண்டும். மூன்று பேர் டீ குடிக்கலாம், ஒரு காரை ஷெட்டுக்கும் அனுப்பலாம்.

ஆக, மோதும் இரு பொருள்களுக்கும் நேரம் எப்போதும் பொது, தூரம் பொதுவாக இருக்க வேண்டியதில்லை. உந்தம் நேரத்தோடு சம்பந்தப்பட்டது, இயக்க ஆற்றல் தூரத்தோடு சம்பந்தப்பட்டது. நிஜ மோதலில் விசை சீராக இராது, ஏறி இறங்கும். அதனால் இந்த வாதம் கெடாது. எந்தக் கணத்திலும் இரு விசைகளும் சமம்தான்.

“ஆற்றல் வெப்பமாகிவிட்டது என்கிறீர்களே, உந்தமும் அப்படி எதற்குள்ளாவது போய் ஒளிந்துகொள்ளக் கூடாதா?” என்று அடுத்து கேட்பாய். கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் ஊர்ப்பக்கம் ஆழித்தேர் ஓடுவதைப் பார்த்திருப்பாய். வடம் பிடித்த அத்தனை பேரும் ஒரே பக்கம் இழுத்தால் தேர் அசைகிறது. அதே ஆட்கள் ஆளுக்கொரு திசையில் அதே பலத்தோடு இழுத்தால் தேர் நின்ற இடத்தில் நிற்கும். ஆனால் வியர்வை இரண்டு தடவையும் ஒரே அளவுதான். நசுங்கிய தகரத்தின் அணுக்கள் அந்த இரண்டாம் கூட்டத்தைப் போல எல்லாத் திசைகளிலும் தாறுமாறாக அதிர்கின்றன. ஆற்றலுக்குத் திசை கிடையாது, ஆகவே ஒவ்வோர் அணுவின் பங்கும் கூடிக்கொண்டே போகும். உந்தத்துக்குத் திசை உண்டு, ஆகவே அந்தத் தாறுமாறான உந்தங்களைக் கூட்டினால் சுழியம்தான். சூட்டுக்குள் ஆற்றலை ஒளித்து வைக்கலாம், உந்தத்தை வைக்க முடியாது.

இந்தக் குழப்பம் உனக்கு மட்டும் வந்ததல்ல. பிரெஞ்சு அறிஞர் தெக்கார்த் 1644-இல் வெளியிட்ட நூலில், பொருளின் அளவை வேகத்தால் பெருக்கி வருவதுதான் உலகில் மாறாமல் இருப்பது என்றார். திசையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டார். விளைவு, அவர் எழுதிவைத்த மோதல் விதிகளில் பெரும்பாலானவை தவறு. 1668-இல் லண்டன் ராயல் சொசைட்டி இந்தச் சிக்கலுக்கு விடை கேட்டது. ஜான் வாலிஸ், கிறிஸ்டோபர் ரென், கிறிஸ்டியன் ஹைகன்ஸ் மூவரும் எழுதி அனுப்பினார்கள். வாலிஸ் ஒட்டிக்கொள்ளும் மோதலை எடுத்துக்கொண்டார், மற்ற இருவரும் தெறிக்கும் மோதலை எடுத்துக்கொண்டார்கள். 1686-இல் லைப்னிட்ஸ் எழுந்து, மாறாமல் இருப்பது நிறையை வேகத்தால் பெருக்கியது அல்ல, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கியதுதான் என்று வாதிட்டார். ‘ஆற்றலா உந்தமா, எது பெரியது’ என்று நீ கேட்டதற்கு ஐரோப்பா பல பத்தாண்டுகள் சண்டை போட்டது. 1720-களில் ஹாலந்தின் கிராவசாண்ட் பித்தளைக் குண்டுகளை ஈரக் களிமண்ணில் விழவிட்டார். வேகம் இரட்டித்தால் பள்ளம் நான்கு மடங்கு ஆழமானது. களிமண்ணைக் குடைவது ஆற்றலின் வேலை, அதற்கு வர்க்கம் வேண்டும். நம் தகரமும் அந்தக் களிமண்ணும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. கடைசியில் இரு கட்சியும் ஜெயித்தன. இரண்டு அளவுகளுமே உண்மை, இரண்டின் பாத்திரமும் வேறு.

இனி, மனப்பாடம் செய்யச் சொன்ன அந்த வரிக்கு வருகிறேன். “ஒட்டிக்கொண்டால் உந்தம் மட்டும்” என்பது சரி. அதுதான் முழு மீட்சியற்ற மோதல். “தெறித்தால் இரண்டும்” என்பது சரியில்லை, அதை அழித்துவிடு. தெறித்த மோதல் எல்லாம் மீட்சி மோதல், அதாவது இயக்க ஆற்றலும் குறையாத மோதல், ஆகிவிடாது. நியூட்டனே குண்டுகளைக் கயிற்றில் தொங்கவிட்டு மோதச் செய்து அளந்திருக்கிறார். இறுகச் சுற்றிய கம்பளிக் குண்டுகள், நெருங்கி வந்த வேகத்தில் ஒன்பதில் ஐந்து பங்கோடு பிரிந்தன. கண்ணாடிக் குண்டுகள் பதினாறில் பதினைந்து பங்கு. இரண்டும் தெறிக்கத்தான் செய்தன, இரண்டுமே இயக்க ஆற்றலை இழந்தன. நீயும் வீட்டிலேயே அளக்கலாம். ஒரு ரப்பர் பந்தை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போடு. 64 சென்டிமீட்டர் எழும்பினால், 0.64-இன் வர்க்கமூலம் 0.8. நெருங்கிய வேகத்தில் பத்தில் எட்டுப் பங்கோடு பிரிந்தது என்று அர்த்தம். இந்த எண் 1 என்றால் மீட்சி மோதல், 0 என்றால் ஒட்டிக்கொண்டது. நாம் அன்றாடம் பார்க்கும் மோதல்கள் எல்லாம் இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கின்றன.

மீட்சி மோதலுக்கு மிக நெருங்கியதைப் பார்க்க வேண்டுமானால் கேரம் பலகை போதும். போட்டி விதிப்படி ஸ்டிரைக்கர் 15 கிராம் வரை இருக்கலாம், காய் 5 முதல் 5.5 கிராம். ஏறக்குறைய மூன்று மடங்கு. நேருக்கு நேர் அடித்தால், கணக்குப்படி காய் ஸ்டிரைக்கரின் வேகத்தைப் போல ஒன்றரை மடங்கில் ஓடும். ஸ்டிரைக்கரும் பாதி வேகத்தோடு அதே திசையில் பின்னால் போகும். காய் குழியில் விழுந்த சந்தோஷம் அடங்குவதற்குள் ஸ்டிரைக்கரும் பின்னாலேயே விழுந்து ஃபைன் கட்ட வைப்பது இதனால்தான். கனமான ஸ்டிரைக்கருக்கு ஆசைப்படும் பையன்களுக்கு இதைச் சொல். கோலிக்குண்டில் நிறை சமம் என்பதால் கதை வேறு. தூரத்திலிருந்து குறிபார்த்துத் தெறித்த குண்டு நேராகப் பட்டால், அடித்தது அங்கேயே நின்றுவிடும், அடிபட்டது முழு வேகத்தையும் வாங்கிக்கொண்டு ஓடும். தரையில் உருண்டு வந்து பட்டால் இவ்வளவு சுத்தமாக நிற்காது. சுழற்சி பாக்கியிருக்கும், அது குண்டைக் கொஞ்சம் முன்னே இழுத்துப் போகும்.

இந்தச் சாதாரணக் கோலிக் கணக்குதான் ஒரு நோபல் பரிசை வாங்கித் தந்தது. 1932-இல் கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாட்விக், பெரிலியத்திலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் எதனால் ஆனது என்று தேடிக்கொண்டிருந்தார். அது காமா கதிர் என்றே மற்றவர்கள் நம்பினார்கள். அப்படியானால் ஆற்றல், உந்தம் இரண்டின் மாறா விதிகளையும் கைவிட வேண்டியிருக்கும் என்று அவர் கண்டார். கதிர் மோதிய ஹைட்ரஜன் அணுக்கரு விநாடிக்கு அதிகபட்சம் சுமார் 3.3 கோடி மீட்டர் வேகத்தில் தெறித்தது. நைட்ரஜன் அணுக்கரு 47 லட்சம் மீட்டர் வேகத்தில். ஸ்டிரைக்கரைப் பார்க்காமலே, இரண்டு வெவ்வேறு காய்கள் ஓடிய வேகத்தை வைத்து ஸ்டிரைக்கரின் நிறையைக் கண்டுபிடிக்கிற வேலை. விடை, புரோட்டானைப் (ஹைட்ரஜன் அணுக்கருவைப்) போல 1.15 மடங்கு என்று வந்தது. கொஞ்சம் கூடுதல், ஆனாலும் போதுமானது. அதுதான் நியூட்ரான். 1935-இல் பரிசு.

கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கன நீரில் ஓடுகிறது என்று செய்தியில் படித்திருப்பாய். அங்கேயும் கேரம்தான் நடக்கிறது. யுரேனியம் பிளக்கும்போது வெளிவரும் நியூட்ரான் மிக வேகமானது. அதை மெதுவாக்கினால்தான் அடுத்த யுரேனியத்தை எளிதாகப் பிளக்கும். யுரேனியம் போன்ற கனத்த கருவில் நேராக மோதினால் நியூட்ரான் தன் ஆற்றலில் 2 சதவீதம்கூட இழக்காமல் திரும்பித் தெறிக்கும், பாறையில் அடித்த கோலி மாதிரி. சம நிறையுள்ள ஹைட்ரஜனில் மோதினால் முழுவதையும் கொடுத்துவிட்டு நிற்கும். அப்படியானால் சாதாரணத் தண்ணீர் போதுமே? போதாது. சாதாரண ஹைட்ரஜன் நியூட்ரானை மெதுவாக்குவதோடு நிற்காமல் சிலவற்றை விழுங்கியும் விடும், செறிவூட்டாத யுரேனியத்துக்கு அந்த இழப்புக் கட்டாது. கன நீரில் இருக்கும் கன ஹைட்ரஜன் விழுங்குவது மிகக் குறைவு. இரண்டு மடங்கு நிறை இருந்தும், ஒரு நேர் மோதலில் ஒன்பதில் எட்டுப் பங்கு ஆற்றலை வாங்கிவிடும்.

இப்போது உன் பந்தும் சுவரும். சுவர் என்பது தரையோடு பிணைந்தது, தரை பூமியோடு. ஆகவே பந்து மோதுவது பூமியின்மேல். 160 கிராம் கிரிக்கெட் பந்து விநாடிக்கு 20 மீட்டரில் போய் 15 மீட்டரில் திரும்பினால், உந்த மாற்றம் 0.16 × 35 = 5.6. இங்கே 20-இலிருந்து 15-ஐக் கழித்துவிடாதே. திசை மாறியதால் கூட்ட வேண்டும். தெக்கார்த் வழுக்கிய இடம் இதுதான். இந்த 5.6-ஐ 6-க்குப் பின் 24 சுழியங்கள் கொண்ட கிலோவுக்குப் பங்கிட்டால், பூமிக்குக் கிடைக்கும் வேகம் புள்ளிக்குப் பின் 23 சுழியங்கள் போட்டு ஒன்று. உந்தம் முழுவதும் போய்ச் சேர்ந்துவிட்டது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. சொல்லப்போனால், பந்தை எறியும்போதே உன் காலால் பூமியை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டாய். சுவரில் பட்டபோது அதைவிட அதிகமாகவே மறுபக்கம் தள்ளியாயிற்று. பந்து உன் கைக்கு வந்து நின்றதும் அந்தக் கூடுதலும் தீர்ந்துவிட்டது.

தெறித்துத் திரும்புவது ஒட்டிக்கொள்வதைவிட அதிக உந்தம் தரும் என்பதற்கு வானத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம், சுமார் 580 கிலோ நிறையோடு விநாடிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர் வேகத்தில் டைமார்ஃபஸ் என்ற சிறுகோளில் வேண்டுமென்றே மோதியது. அந்தச் சிறுகோள், டிடிமோஸ் என்ற பெரிய சிறுகோளைச் சுற்றிவர 11 மணி 55 நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது. 73 விநாடி குறைந்தாலே வெற்றி என்று வைத்திருந்தார்கள். குறைந்தது அரை மணி நேரத்துக்கும் மேல். விண்கலம் வெறுமனே புதைந்திருந்தால் இவ்வளவு நடந்திருக்காது. மோதிய இடத்திலிருந்து பாறைத் தூள், விண்கலம் வந்த பக்கமாகவே பின்னோக்கிப் பீய்ச்சியடித்தது. அதற்கு ஈடாகச் சிறுகோள் கூடுதலாகத் தள்ளப்பட்டது. டைமார்ஃபஸின் அடர்த்தியை எவ்வளவு என்று கொள்கிறோம் என்பதைப் பொறுத்து, விண்கலம் கொண்டுவந்த உந்தத்தைப் போல 2.2 முதல் 4.9 மடங்கு வரை கைமாறியது. இதிலும் எதுவும் முளைக்கவில்லை. பின்னால் பறந்த தூளையும் சேர்த்துக் கூட்டினால் கணக்கு நேராகிவிடும்.

தேர்வறைக்கு இரண்டே யோசனை. எந்த மோதல் கணக்கிலும் முதல் வரி உந்தமாக இருக்கட்டும். ‘மீட்சி மோதல்’ என்று கேள்வியிலேயே சொல்லியிருந்தால் மட்டும் இரண்டாம் வரியில் இயக்க ஆற்றலை எழுது. தொங்கும் மரக்கட்டைக்குள் குண்டு பாய்ந்து கட்டை மேலே எழும்பும் கணக்கு ஒன்று நிச்சயம் வரும். அங்கே குண்டு புதையும் வரை உந்தம், கட்டை எழும்பத் தொடங்கிய பிறகு ஆற்றல். இரண்டையும் ஒரே வரியில் சேர்த்து எழுதி மதிப்பெண் இழந்தவர்களின் விடைத்தாள்களை நான் மூட்டை மூட்டையாகத் திருத்தியிருக்கிறேன்.

உன் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார். இப்போது 3,000 கிலோ வண்டி விநாடிக்கு 20 மீட்டரில் வந்து, நின்றுகொண்டிருக்கும் 1,000 கிலோ காரில் மோதி ஒட்டிக்கொள்கிறது. வேகம் 15 வரும். மோதலுக்கு முன் இயக்க ஆற்றல் 6,00,000 ஜூல், பின் 4,50,000. காணாமற்போனது மறுபடியும் அதே 1,50,000. மோதியது யார் என்பதே மாறிவிட்டது, தகரம் நசுங்கிய அளவு மட்டும் மாறவில்லை. இது தற்செயல் இல்லை. ஹைகன்ஸ் இதே போன்ற ஒன்றை, கால்வாயில் செல்லும் படகில் ஒருவரையும் கரையில் ஒருவரையும் நிறுத்தி ஒரே மோதலைப் பார்க்கச் சொல்லி யோசித்தார். நீயும் அந்தப் படகில் ஏறி நின்று யோசித்துவிட்டு, காரணத்தை எனக்கு எழுது.

அன்புடன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்